இரண்டாவது கையெழுத்து

என் பெயர் ப. வேம்பு.
துணைத்தலைவர் என்று ஆபீஸ் பலகையில் இருக்கும்,
தலைவர் பெயருக்குக் கீழே, பாதி உயரத்தில்.
வேலை ஒன்றுதான்:
அவர் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில்
என்னுடையதைப் போடுவது.
இரண்டும் இல்லாமல் வங்கி பணம் தராது.
ஏன் இரண்டு என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.

பொல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை.
ஐப்பசி வெள்ளத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு,
சாவி வைத்திருந்த லஸ்கர் நீடாமங்கலத்தில் தூங்கிக்கொண்டிருக்க,
கழுத்தளவு தண்ணீரில் இறங்கி
வடிகால் மதகின் பூட்டைக் கடப்பாரையால் உடைத்தவர்
ரெத்தினசபாபதி.
மேலத்தெருவும் காலனியும்
அன்றைக்குத்தான் ஒரே குரலில் அழுதன.
நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.
தண்ணீர் வடிந்தது.
கடப்பாரையை மட்டும் அவர் திருப்பி வைக்கவில்லை.

பிறகு எந்தப் பூட்டைக் கண்டாலும்
அவருக்கு அந்த ராத்திரிப் பூட்டாகவே தெரிந்தது.
"ஒங்களுக்கும் ஒங்க தண்ணிக்கும் நடுவுல எதுக்கு ஒரு ஆபீசரு?"
கைதட்டல்.
லஸ்கரின் சாவிக்கொத்து அவர் வீட்டு ஆணிக்கு வந்தது.
கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் மெஷினை
"எங்க ஊரு நெல்லயே சந்தேகப்படுதா இது" என்று ஓரமாக வைத்தார்.
அதற்கும் கைதட்டல்.
அடிமூட்டை முளைவிட்டபோது
தட்டிய கைகள் அறுவடையில் இருந்தன.
கிராமசபைத் தீர்மான நோட்டு
கூட்டத்துக்கு முந்தின நாளே
வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவந்தது.
மூன்றாம் வார்டு சவரிநாதன் கணக்கு கேட்டார்.
"வெள்ளத்தன்னிக்கு நீ எங்க இருந்த?"
தலைவர் கேட்கவில்லை;
பின்வரிசையில் யாரோ.
சவரிநாதன் அன்று மகளோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.
அதைச் சொல்ல அவருக்கு மைக் கிடைக்கவில்லை.

என்னிடம் அன்பாகத்தான் வந்தார்.
"ஒவ்வொரு தடவையும் ஒங்கள அலையவைக்கிறது பாவம்க்கா."
செக் புத்தகம், இருபத்தைந்து இலை.
அவருக்கு ஊரே போட்ட ஓட்டு.
எனக்கு ஒரு வார்டு, அறுபத்தெட்டு.
நடவாட்கள் வயலில் காத்திருந்தார்கள்.
சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
இருபத்தைந்து முறை வேம்பு, வேம்பு, வேம்பு.
பந்தியில் வெறும் இலை போட்டுவிட்டு
எழுந்து வந்த மாதிரி.
என்ன பரிமாறினார்கள் என்று தெரியாது.

தணிக்கைக்கு வந்தவர் டீ குடித்தார்.
"ரெண்டு கையெழுத்தும் இருக்கு. கரெக்ட்டு."
கரெக்ட்டாகத்தான் இருந்தது.
கடைமடையில் பதினோரு மா வெடித்துக் கிடக்க,
வாய்க்காலைத் தூர்வாரிவிட்டதாக
என் பெயர் சொன்னது.

போன வாரம் மூணாறு தலைப்பில் பஸ் பழுதாகி நின்றது.
வருகிற ஆறு ஒன்று.
போகிறபோது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
ஷட்டர் ஓரத்தில் ஒருவன்
அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.
ஆற்றின் மேல் அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை,
எழுதி முடித்ததும் அதிலேயே முகம் கழுவினான்.
ஆனாலும் அளந்தான்.

நேற்றுப் புதுப் புத்தகம் வந்தது,
பைக்கில், ஒரு பையனிடம்.
"எதுக்கு எவ்வளவுன்னு எழுதி எடுத்தா" என்றேன்.
அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.
இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

தலைவர் வரவில்லை.
அவர் வர வேண்டியதே இல்லை.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு
ஊர் வந்தது, நாற்பது பேர்.
முன்னால் பரிமளகாந்தி,
அந்த ராத்திரி கூரைவரை தண்ணீர் ஏறிய வீட்டுக்காரி.
இடுப்பில் அன்று பிழைத்த பிள்ளை.
அவள் சண்டைக்கு வரவில்லை.
"ஒரு கையெழுத்துதானேக்கா."

ஆமாம்.
ஒரு கையெழுத்துதான்.
மதகும் ஒரு பலகைதான், பரிமளா.

பேனா மூடியை இன்னும் கழற்றவில்லை.
பிள்ளை அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறது.