ஏழாம் நாள் ஊசி

சாவோ மிகேல் தீவில் பசுக்கள் கடலுக்கு முகம் காட்டி மேயும்.
ஹைட்ரேஞ்சியா வேலிக்கு இந்தப் பக்கம் புல்.
அந்தப் பக்கம் மூடுபனி.
அதற்கும் கீழே எங்கோ, சத்தமாக மட்டும், அட்லாண்டிக்.

ஃபிதால்கா கன்று ஈன்று எழுபத்தொரு நாள்.
"ஊசி போட்டுவிடு டாக்டர்" என்கிறார் எவரிஸ்தோ,
கறவை எந்திரத்தை வயலுக்கே இழுத்து வந்து நிறுத்தியபடி.
"காளை நினைப்பே இல்லை இவளுக்கு."

தோள்வரை கையுறையோடு
நான் அவளுக்குள் இருக்கிறேன்.
கருப்பை சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, நல்லது.
சூலகங்கள்தாம்
இரண்டு காய்ந்த மொச்சை.
ஒரு மேடு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

முப்பத்தெட்டு லிட்டர் கறக்கிறீர்கள்.
இருபதுக்குத்தான் தின்கிறாள்.
மீதிப் பதினெட்டு எங்கிருந்து வருகிறது?
முதுகிலிருந்து. விலாவிலிருந்து.
வால் தொடங்கும் பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள்,
இரண்டு விரல் படுத்துத் தூங்கலாம்.

கடன்பட்ட உடம்பு
அடுத்த பிள்ளைக்குக் கையெழுத்துப் போடாது எவரிஸ்தோ.
சட்டியில் இல்லாததை
ஊசி அகப்பையில் அள்ளித் தருமா?

அரைத்த மக்காச்சோளம், ஊறுகாய்ப்புல் இன்னொரு கூடை,
வயிற்றின் முதல் அறையில் கரையாத கொழுப்பு,
இந்தச் சாம்பல் மண் தர மறந்த தாது உப்பு.
மருமகள் ஓண்டினா தீவனப் பையைக் கிழித்து
உட்புறத்தில் எழுதிக்கொண்டாள்.
கிழவர் முணுமுணுத்தார்: "ஊசியே மலிவு."

மூன்று வாரம்.
பள்ளத்தில் ஒரு விரல்தான் இறங்கியது.
அன்றைக்கு முதல் ஊசி,
உள்ளே ஏழு நாளுக்கு ஒரு ஹார்மோன் சுருள்.
ஏழாம் நாள் சுருளை உருவி இரண்டாவது.
ஒன்பதாம் மாலை மூன்றாவது.
பத்தாம் காலை விந்து.

ஏழாம் நாள்
மருந்தை இழுத்து ஓண்டினாவிடம் நீட்டினேன்.
இந்த வீட்டில் ஊசி போடுவது அவள்தான்,
என்னைவிட மெல்லிய கை.
இரண்டு கைகளும் ஏப்ரன் பைக்குள்ளேயே இருந்தன.

நான்கு வருடம் முன் நானே சொன்னது:
பிள்ளை தரித்தவர்கள் இதைத் தொடக் கூடாது,
தோலில் ஒரு துளிகூட.

"இன்றைக்கு ஸெஃபெரினோ போடட்டும்" என்றாள்,
என்னைப் பார்க்காமல், பனியைப் பார்த்து.
"நான் டிராக்டர் கழுவணும், எனக்கெதற்கு இது?"
என்று திட்டிக்கொண்டே கணவன் வாங்கினான்.
அவனுக்குத் தெரியாது. எவரிஸ்தோவுக்கும் தெரியாது.
அந்த மேய்ச்சலில் தெரிந்தவர்கள்,
பசுவை எண்ணாமல், இரண்டு பேர்.

போன வருடம் ஒருநாள்
பொந்தா தெல்காதா மருத்துவமனை வாசலில்
அவளைத் தனியாகப் பார்த்தேன்.
நலமா என்று கேட்கவில்லை.
இப்போதும் கேட்கவில்லை.
ஊசியின் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்திரண்டாம் நாள் ஸ்கேன்.
திரையில் சாம்பல், சாம்பலுக்குள் சாம்பல்.
துடிக்க வேண்டியது எதுவும் இல்லை.
"இவ்வளவு காசு!" என்றார் எவரிஸ்தோ.
நான் அடுத்த சுற்றுக்கு நாள் எண்ணத் தொடங்கினேன்.
கோட்டின் கீழ்ப்பொத்தான் போடாமல் நின்ற ஓண்டினா சொன்னாள்:
"சாப்பிடுகிறாள் அல்லவா. கொஞ்சம் பொறுங்கள்."

ஒன்பது நாள் கழித்து, விடியாத ஐந்தரைக்குத் தொலைபேசி.
"பனியில் ஒன்றும் தெரியவில்லை டாக்டர்.
ஆனால் ஃபிதால்காவின் மணிச்சத்தம்
மேலே ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது."
"சளி?"
"கண்ணாடி. அறுந்து விழாமல் தொங்குகிறது."
"ஊசி எதுவும்...?"
"எதுவும் இல்லை."

வருகிறேன்.
வாளியில் வெதுவெதுப்பான நீர் வேண்டும்,
உறைந்த விந்தைக் கரைக்க.
நீ தூக்காதே.

மறுமுனையில் கறவை எந்திரம் நான்கு முறை மூச்சு வாங்கியது.
"அவன்தான் தூக்குகிறான்" என்றாள்.