நான்காவது போல்ட்

முதலில் பேட்டரியின் கறுப்பு வயர்.
அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பஸ் இருக்கு, போங்க, சாயங்காலம் போன் போடுறேன் என்றேன்.
தவமலர் அக்கா போகவில்லை.
சிவப்பு நாற்காலியை
ஆயில் படாத இடம் பார்த்துப் போட்டுக்கொண்டார்.
ராத்திரி ஷிப்டு முடிந்து நேரே வந்தவர்.
கையுறை ஃபேக்டரி மாவு
முழங்கை வரைக்கும் வெள்ளையாய்.

போனது கியர்பாக்ஸ் மட்டும்தான்.
அடியில் படுத்து இறக்கிவிட்டால்
எஞ்சினை யாரும் தொட வேண்டாம்.
அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

எண்ணெயை வடித்தேன்.
கறுப்பில் மினுமினுத்தது பல்சக்கரத்தின் பொடி.
இரண்டு ஷாஃப்டையும் நெம்பி எடுத்தேன்.
போல்ட் ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது வரவில்லை.

துருவுக்கு மருந்தடித்தேன்.
ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டித் தொங்கினேன்.
ஈஸ்வரா என்று வந்தது வாயில்.
வண்டியின் பேரும் அதுதான்.
இருவருமே அசைந்துகொடுக்கவில்லை.

இந்த போல்ட்டை எனக்குத் தெரியும்.
மரை கோணி ஏறியது தெரிந்தும்
விடாமல் முறுக்கிய கை
இந்தக் கைதான்.

பதினோரு வருஷம் ஆகிறது.
கடையை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே ஒரு பல்பு,
கூரையில் மழை.
குணாளன் அண்ணன் டார்ச் பிடித்தார்.
வண்டியோடு பிறந்த எஞ்சினைச்
சிரம்பான்காரன் ஒருவன் தார்ப்பாய் போட்டு ஏற்றிப்போனான்.
பதிலுக்கு நான் இறக்கி வைத்தது
எந்த வண்டியின் வயிற்றில் இருந்ததோ.
"விடியறதுக்குள்ள ஓடணும் தம்பி.
அவளுக்குத் தெரிய வேணாம்."
மிச்சக் காசு எங்கே போகிறதென்று நான் கேட்கவில்லை.
கூலிக்கு மேல் ஐம்பது வெள்ளி வைத்தார்.

இனி வழியில்லை.
பிரியாவிட்டால் சேர்த்தே தூக்க வேண்டியதுதான்.
தண்ணீரையும் வடித்தோம்.
பானட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தபோது
மில் பக்கமிருந்து காற்று திரும்பி
பகாவ் டவுனே
வெந்த செம்பனைப் பழமாக நாறியது.
சொஹாக் ஒவ்வொரு வயருக்கும் டேப் ஒட்டி
வங்காளத்தில் எண் எழுதினான்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
திரும்ப மாட்டவும் அவன்தான் வேண்டும்.
அதற்காகவே எழுதுகிறானோ என்னவோ.

சங்கிலியை இழுத்தான்.
ஒவ்வொரு பல்லாய்,
டக், டக்.
மேலேறுகிறது இரும்பு,
ரேடியேட்டருக்கு ஒரு விரல் தள்ளி.
பாரம் இறங்கிய வண்டியின் முன்பக்கம்
சத்தமில்லாமல் எழுந்து நின்றது,
மூட்டையைப் போட்டவன் நிமிர்வது போல.

சரியாக என் கண்ணுக்கு நேரே
எஞ்சின் எண்.
பக்கத்தில் அக்கா.
எப்போது எழுந்து வந்தாரோ.

கருமாதி முடிந்து மூன்று வாரம்.
அடுத்த மாதம் வண்டியைத் தன் பேருக்கு மாற்றப்போகிறார்.
இன்ஸ்பெக்‌ஷனில் இந்த இடத்தைத்தான்
துணியால் துடைத்துப் பார்ப்பார்கள்.

"அக்கா, கெரான்ல இருக்கிற நம்பரும் இதுவும்..."

"வேற. தெரியும்."

கடையில் ரேடியோ கூட இல்லை.

"அன்னிக்குக் காலையில சாவியத் திருப்பினேன்.
வேற யாரோ இருமுற மாதிரி இருந்துச்சு.
அவரு போர்வைக்குள்ள கண்ண இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருந்தாரு.
தூங்குறவன் அப்படி மூட மாட்டான்.
நேரமாச்சு, நான் வேலைக்குப் போயிட்டேன்."

துணியை எடுத்தேன்.
துடைக்க ஒன்றும் இல்லை, கையைத் துடைத்தேன்.
போல்ட்டைக் குடைந்துதான் எடுக்கணும் அக்கா,
அதுக்குக் கூலி வேணாம் என்றேன்.

"எதுக்கு வேணாம்?
அம்பது வெள்ளி வாங்கினல்ல, அதுல கழிச்சுக்க."
நாற்காலியை மடக்க முடியாது என்று தெரிந்தும்
மடக்கப் பார்த்துவிட்டு விட்டார்.
"என் பர்ஸ்லேர்ந்துதானே போச்சு அது."

இறக்கவா போஸ் என்றான் சொஹாக்,
இரண்டாவது தடவை.
சங்கிலியில் எஞ்சின் அரைச்சுற்று திரும்பி
எண்ணைச் சுவருக்குக் காட்டியது.