பர்கூர், இரண்டாம் ஷிப்ட்

கல்லறுக்கும் மிஷினோடு
எந்த மெல்லிசையும் மோத முடியாது.
காதுக்குள் புல்லாங்குழல் தொடங்கும்;
ரம்பம் தின்றுவிடும்.

அதே பாட்டை
முடி வளர்த்த நாலு பேர் உறுமியதைத்
திம்மராயன் அனுப்பினான்.

குழல் வர வேண்டிய இடத்தில்
கிட்டார், வெல்டிங் பொறியாய்.
டிரம்ஸ்காரனுக்கு இரண்டு காலிலும் வெறி.
என்ன எழவுடா இது என்று நிறுத்தப்போகையில்
பல்லவி பிடிபட்டது.
"அட, நீயா!"
கத்தியே விட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

கல்யாண மண்டபங்களில்
பந்தி முடியும்வரை கெஞ்சுகிற சரணம்
இங்கே சட்டையைப் பிடித்துக் கேட்கிறது.
எனக்கு இதுதான் நியாயமாகப் பட்டது.
போன மாதச் சம்பளத்தை
நானும் கெஞ்சித்தானே கேட்டேன்.

கறுப்புப் பலகையின் ஓரம் இழைக்கிறேன்,
தலை தானாக ஆடுகிறது.
யார் வீட்டுச் சமையல் மேடையிலாவது
விளிம்பு லேசாக அலையடித்தால்
அது டிரம்ஸ்காரன் பொறுப்பு.