ஒற்றைக் கையுறை

வார்சாவில் ஏறிய இரவுப் பேருந்து
பதினான்கு யூரோ.
சாயும் இருக்கைக்கு இன்னும் மூன்று கேட்டார்கள்.
நிமிர்ந்தே தூங்கினேன்.

ரீகாவில் இறங்கும்போது காலை ஏழு.
விடிந்ததென்று ஊருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
மழை என்று சொல்ல முடியாது,
பனி என்றும் சொல்ல முடியாது.
ஈரத்துணியை யாரோ முகத்தில் வைத்து
எடுக்க மறந்துவிட்டதுபோல் ஒன்று.

ஒன்பது வருடம் முன்பு இங்கே ஜூன்.
இரவு பதினொன்றுக்கும் ஆற்றில் வெளிச்சம் கிடந்தது.
ஓக் இலை சூடிய ஆண்களும் பூ சூடிய பெண்களும்
டிராமில் நின்றபடி பாடினார்கள்.
காசு தீர்ந்த இரண்டு இரவுகளைப்
பூங்கா பெஞ்சில் கழித்தேன்.
இருட்டே வராததால்
அது இரவு என்றே தோன்றவில்லை.
பிறகு எவர் எங்கே கேட்டாலும்
பிடித்த ஊர் ரீகா என்றேன்,
யோசிக்காமல்.

இப்போது நவம்பர்.
சொல்லாமல் வந்த விருந்தாளிக்குக்
கதவைத் திறந்துவிட்டு
அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போகிறவர் மாதிரி
இருக்கிறது ஊர்.

விடுதி அறையில் ஆறு கட்டில், ஆள் நான் ஒருவன்.
ஐனார்ஸ் கீழ்க்கட்டிலை
மேல்கட்டில் விலைக்கே தந்தார்.
ஹீட்டர் மாலை ஆறுக்குத்தான் போடுவாராம்.
அதுவரை? என்றேன்.
அதுவரை மியூசியம், என்றார்.
மியூசியம் எட்டு யூரோ.
சந்தை இலவசம்.

ஆகாயக் கப்பல்களுக்காகச் செய்த கூரைகளின் கீழ்
மீன், இறைச்சி, புளிக்கவைத்த முட்டைக்கோஸ்.
கதகதப்புக்காக ரொட்டி வரிசையில் இருமுறை நின்று
ஒருமுறை வாங்கினேன்.

பைக்குள் இருந்தது அந்தக் கையுறை.
சிவப்பில் வெள்ளை நட்சத்திரங்கள். ஒற்றை.
அந்த ஜூனில் வெல்தா என்ற அம்மாள்
ஜோடி நாற்பது என்றார்.
நான் பர்ஸைத் திறந்து காட்டினேன்.
மேசைக்கடியில் துழாவி இதை எடுத்தார்:
"இதோட ஜோடி தொலைஞ்சு போச்சு. நாலு குடு."

ஒன்பது குளிர்காலம்
வலது கைக்குக் கொஞ்ச நேரம்,
இடது கைக்குக் கொஞ்ச நேரம்.
தொலைந்தது ஒருவேளை கிடைத்திருக்கும் என்று
எல்லை தாண்டி வருகிறவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடையில் இப்போது மகள் இங்குனா.
அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதாம்.
கையுறையை வாங்கி விளக்கடியில் திருப்பினாள்.
மணிக்கட்டிலிருந்து மூன்றாவது நட்சத்திரத்தில்
விரலை வைத்து, எண்ணு என்றாள்.
எட்டு முனை இருக்கவேண்டிய இடத்தில்
ஏழு.

"ஒண்ணு பிசகினா அம்மா அதோட நிறுத்திடுவா.
பிரிக்க மனசு வராது.
இதுக்கு ஜோடி தொலையல.
பின்னவே இல்ல."

அவள் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.
இத்தனை வருடமும்
ஏதோ ஒரு ரயில் இருக்கையின் இடுக்கில்
அந்த மற்றது கிடப்பதாக எண்ணி
அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன்.

முப்பது கொடுத்தால் இன்னொன்று பின்னுவாளாம்.
முனையைக்கூட ஏழாகவே வைப்பாளாம்.
வெள்ளிக்கிழமை வா என்றாள்.
வியாழன் இரவு எனக்குப் பேருந்து.
தவிர, முப்பது.

நாலு மணிக்கே விளக்குப் போட்டுவிட்டார்கள்.
பாலத்தின் நடுவில் குடை மலர்ந்து திரும்பிக்கொண்டது.
பார்க்க ஒன்றுமில்லை.
ஆறு இருந்த இடத்தில் சாம்பல் நிறம்,
அக்கரை இருந்த இடத்தில்
இன்னும் கொஞ்சம் சாம்பல் நிறம்.
அதற்குள்ளிருந்து ஒரு டிராம் விளக்கோடு வந்தது.
ஈரக் கோட்டுகள், காய்கறிப் பைகள்.
யாரும் பாடவில்லை.
ஒரு பையன் மட்டும் ஆவி படிந்த கண்ணாடியில்
எதையோ வரைந்து
முடிக்காமல் போனான்.

போகவேண்டிய இடமென்று ஏதுமில்லை எனக்கு.
போகவும் தோன்றவில்லை.
ஆறாக
இன்னும் ஒன்றேமுக்கால் மணிநேரம்.

கை மாற்றிக்கொண்டேன்.