இருபத்தெட்டு

பெண்களுக்கு இத்தனை இடமென்று
சட்டம் வந்த பிறகு
பஜாரிலிருந்து ஜீப்பில் வந்தார்கள்.
"லிஸ்ட்டுக்கு ஒரு பொம்பளப் பேரு கொறையுது தங்கச்சி.
ஐடென்டி கார்ட மட்டும் குடு,
பேச வேண்டியதெல்லாம் நாங்க பேசிக்குவோம்."
கொழுந்துச் சாக்கை இறக்காமலே கேட்டு நின்றேன்.
கார்டைக் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கமில்லை.
பேச வேண்டியதை நானே பேசினால் என்ன?

மலைக்கு மலை ஏறி ஆள் சேர்த்தோம்.
கட்டுக்காசுக்குச் சந்தனமேரி
மகளின் தோட்டுக்கென்று பிடித்த சீட்டை உடைத்தாள்.
சுயேச்சைக் குழு, இலக்கம் மூன்று.
சின்னம் கேத்தல்.
"பொருத்தமாத்தான் விழுந்திருக்கு"
என்று கச்சேரியில் ஒருவர் சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம், வேறு காரணத்துக்கு.

போஸ்டர் அடிக்கக் காசில்லை.
பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில்
பாக்கியசீலன் அடுப்புக்கரியால் வரைந்தான்.
மூன்றாம் லயத்துக் கேத்தலுக்குப் பிடியில்லை.
ஆறாம் லயத்தில் மூக்கு நீண்டு
யானையாகிவிட்டது.
இன்னொரு கட்சிக்கு ஓட்டுப் போய்விடும் என்று
அழித்து மறுபடி வரைந்தோம்.

கேட்டது கொஞ்சம்தான்.
ஆற்றுக்கு, பலகையில்லாத ஒரு பாலம்.
கடிதம் தோட்டத்து ஆபீஸில் தூங்காமல்
வாசலுக்கு வர, வீட்டுக்கொரு இலக்கம்.
தராசில் "தண்ணி" என்று கழிக்கும் ரெண்டு கிலோ.

"தராசு சபையின் வேலையில்லையே"
என்றார் படித்த ஒருவர்.
தெரியும் ஐயா.
எது யாருடைய வேலை என்று விசாரித்தே
எங்கள் அப்பன் பாட்டன் செருப்பெல்லாம் தேய்ந்தது,
செருப்பு இருந்தவர்களுக்கு.

முந்தின இரவு தகரம் வந்தது,
வீட்டுக்கு ரெண்டு.
வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
ஒழுகுகிற கூரையின் கீழ் நின்று
வேண்டாம் என்று சொல்ல
எனக்கே வாய் வரவில்லை.
என் வீட்டிலும் ரெண்டு இருக்கிறது.

காலையில் நாற்பத்தொரு வாக்காளர் அட்டை
ஆபீஸ் மேசையில்
ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தது.
வெள்ளத்தாயி அக்கா போட்ட சத்தத்தில்
கிளாக்கர் எழுந்து நின்றாராம்.
மழையில் ஓடி ஓடிக் கொடுத்தோம்.

கேத்தலுக்கு நேரே புள்ளடி போட்டபோது
தினம் இருபது கிலோ பறிக்கிற கை நடுங்கியது.
கோடு கட்டத்தைத் தாண்டியிருக்குமோ என்று
இன்னும் எனக்குப் பயம்.

எண்ணினார்கள்.
எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் நூற்று எண்பத்துமூன்று.
பஜார்ப் பெட்டியில் ஆறு.
வென்றவருக்கு ஆயிரத்துச் சொச்சம்.
வெடி சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது.
தேத்தண்ணி ஊற்றினாள் மேரி,
கேத்தலைப் பார்க்காமல்.

அப்புறம்தான் பாக்கியசீலன்
தாளை மறுபடி பார்த்தான்.
கீழே, சிங்களக் கிராமத்தில்,
பன்சலை மண்டபத்துப் பெட்டி:
இருபத்தெட்டு.

அங்கே நாங்கள் இறங்கியதேயில்லை.
ஒரு துண்டுத்தாள் கொடுக்கவில்லை.
சம்பளம், லீவு, சுகமில்லை:
எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

யார்?
ஞாயிறுகளில் கோவா வெட்டக் கூப்பிடும் குசுமலதாவா?
டிஸ்பென்சரி வாசலில்
தன் குடையில் பாதியைத் தந்தாளே, அந்தப் பெண்ணா?
கேத்தல் படம் பிடித்துப்போய்
போட்டவர்களும் இருக்கலாம்.
"இருபத்தெட்டு பேருமா?" என்கிறாள் மேரி.

பஸ்ஸில் ஏறினால் இப்போது
சின்னவிரல்களைப் பார்க்கிறேன்.
அவர்களுக்கு மை போய்விட்டது.
எனக்குக் கொழுந்துக் கறையோடு கலந்து
எது எது என்று தெரியவில்லை.

தராசில் இன்றைக்கும் ரெண்டு கிலோ கழித்தார்கள்.
ஏன் என்று கேட்டேன்.
பின்னால் நின்றவளும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்குகிறோம்,
நானும் மேரியும்.
சொல்வதற்கு ஒரு வசனத்தைப் பாக்கியசீலன்
தமிழ் எழுத்தில் சிங்களமாக எழுதித் தந்திருக்கிறான்.
பாலத்துப் பலகை வழுக்கும்.
தாளை நாலாக மடித்து
நனையாத இடத்தில் வைத்திருக்கிறேன்.