மேட்டூர் திறந்த பத்தாம் நாள்

கடிதமும் தண்ணீரும் ஒரே காலையில் வந்தன.
தரங்கம்பாடியிலிருந்து கடிதம்.
மேட்டூரிலிருந்து தண்ணீர்.
உறையை நீட்டிய கையோடு தபால்காரர்
சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு
வாய்க்காலுக்கு ஓடினார்.
அவருக்கும் ஒன்றரை மா இருக்கிறது.

"சகோதரி கரீன் அவர்களுக்கு,
வருகிற திங்கள் முதல் தாங்கள்
வேதாரண்யம் பகுதிக்கு…"
மீதியை நின்றபடியே படித்தேன்.
காரணம் எழுதவில்லை.
வழிச்செலவுக்கு ஐந்து ரூபாய்.
ரசீது அவசியம்.

யாரிடம் சொல்ல?
ஊரே மதகடியில் நிற்கிறது.
சருகு, ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
முதல் நுரை வருகிறது.
யாரோ சூடம் கொளுத்துகிறார்கள்.
பையன்கள் அதற்கு முன்னால் ஓடுகிறார்கள்,
வழி தெரியாத விருந்தாளியை
வீட்டுக்குக் கூட்டிப்போவதுபோல.

வந்த புதிதில் இதே மதகில் ஏறி நின்று
மனப்பாடம் செய்த தமிழில் முழங்கினேன்:
மீட்பர் வருகிறார்!
என் நாக்கில் அது எப்படி விழுந்ததோ,
வரப்பில் குந்தியிருந்தவர் துள்ளி எழுந்தார்.
"மேட்டூரா? யாரு சொன்னா? எத்தனாந்தேதி?"
களத்திலிருந்து ஓடி வந்தார்கள்,
கடையிலிருந்து ஓடி வந்தார்கள்,
சவரம் பாதியில் ஒருவர், கன்னத்தில் நுரையோடு.
அவ்வளவு கூட்டம் எனக்கு
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
உடனே திருத்தவில்லை நான்.
அதை எந்த அறிக்கையிலும் எழுதவுமில்லை.

அறிக்கையில் ஞானஸ்நானக் கட்டத்தில் சுழி.
பதினெட்டு மாதம், பதினெட்டு சுழி.
கட்டிய புண்கள் நானூற்றுச் சொச்சம்.
தையல்நாயகியின் பசுவுக்காக
மூன்று ராத்திரி முழங்காலில் இருந்ததற்குக் கட்டமே இல்லை.
மாடு பிழைத்தது.
அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாள்.
எனக்கும் ஓர் உருண்டை கொண்டுவந்தாள்.
தின்றேன்.
வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

லஸ்கர் அய்யாக்கண்ணு இரும்புச் சாவியைச் சுற்றுகிறார்.
ஆறு நாள் இந்தக் கிளைக்கு,
ஆறு நாள் அந்தக் கிளைக்கு.
எங்கே போகப் பிரியம் என்று
தண்ணீரை யாரும் கேட்பதில்லை.
நல்ல உவமை, பிரசங்கத்துக்கு ஆகும் என்று
நோட்டில் குறித்தேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
தண்ணீருக்கு இங்கே யார் பெயரும் தெரியாது.

அம்மாவுக்கு எழுத வேண்டும்.
பழங்கொண்டான்குடி என்று
உறையில் எழுத்துக்கூட்டப் பழகவே
அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.
இனி வேதாரண்யம்.
ஏரி உறைந்து கிடக்கும் ஊரில்
மேசை விளக்கடியில் மறுபடி முதலிலிருந்து.

சாயங்காலம் தையல்நாயகி
புதுத் தண்ணீரில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
வைக்கோல் பிரி கையில் நின்றுபோயிற்று.
"மாத்தலா? வேதாரண்யமா?
குடிக்கிற தண்ணியே உப்பால்ல கிடக்கும் அங்க."
மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்,
ஒரே இடத்தையே.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"உங்க சாமிக்கும் சேத்துத்தான் மாத்தலா,
இல்ல அவரு இங்கதான் இருப்பாரா?"

சிரித்தோம் இருவரும்.
ராத்திரி பெட்டியை மூடும்போது
சிரிப்பு போய்க் கேள்வி மட்டும் இருந்தது.
நான்கு வருஷம் வேதம் படித்தேன்.
பதில் சொல்லாமல்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை. பஸ் ஜன்னல்.
இரண்டு பக்கமும் நாற்றங்கால் உழவு, கொக்கு.
திருத்துறைப்பூண்டி தாண்டியதும்
வயல் வெடித்துக் கிடக்கிறது.
புது ஊரிலாவது பிசகக் கூடாதென்று
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
மீட்பர். மீட்பர்.

பக்கத்தில் பூசணிக்காயை மடியில் வைத்திருந்தவர்
திரும்பிப் பார்த்தார்.
"தொறந்து பதினாலு நாளாச்சேம்மா.
கடைமடைக்குத்தான் இன்னும் வந்து சேரலை."

அங்கேதான் போகிறேன் என்றேன்.