நடுவுக்குத் திரும்பாதே

ரூடிஸ் விட்டுப்போன பொருள்களில்
மடித்து வைக்க முடிந்தது இது ஒன்றுதான்:
நான்கு அம்புகள் அச்சிட்ட பிளாஸ்டிக் பாய்.
மிச்சமெல்லாம், ஹாக்கி மட்டை,
பாதி வண்ணமடித்த சுவர்,
கதவில் பிய்க்க வராத ஸ்டிக்கர்,
இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அவன் அயர்லாந்தில் காளான் பறிக்கிறான்.
நான் ரீகாவில் ட்ராம் ஓட்டுகிறேன்.
பகல் முழுக்க என் கால்களுக்கு இரண்டே வேலை:
ஒரு மிதி ஓட, ஒரு மிதி நிற்க.
திரும்புவதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும்.

ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டு.
பணி முடிந்து, பீட்ரூட் சூப்பைச் சுடவைத்து,
அது ஆறுவதற்குள் ஒரே ஒரு பாட்டு என்றுதான்
ஒரு சனிக்கிழமை தொடங்கியது.
கம்பளிக் காலுறை வழுக்கியது, கழற்றினேன்.
பாயும் வழுக்கியது.
ஜன்னல் இடுக்கில் குளிரை அடைக்க வாங்கிய டேப்பால்
நாலு மூலையையும் தரையோடு ஒட்டினேன்.
ஐம்பத்து மூன்று வயதில் வெறுங்காலோடு
தொலைக்காட்சி முன்னால் நின்றேன்,
விமான நிலையத்துச் சோதனையில் நிற்பதுபோல.

அம்புகள் கீழிருந்து மேலே ஏறின.
எனக்காக ஒன்றும் நிற்கவில்லை.
ஓடிவருகிறவர்களுக்காக
எத்தனை நிறுத்தங்களில் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்!
இங்கே அந்தப் பழக்கம் கிடையாது.
இடது, மிஸ். மேலே, மிஸ்.
வலது, வலது, கீழே...
சூப் ஆறிப்போயிற்று.

கீழ்வீட்டு ஸ்கைட்ரீட்டே
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டினாள்.
கோபம் புரிந்தது. தாளம்தான்
அவளிடம் மருந்துக்கும் இல்லை.
மறுநாள் மாடிப்படியில் மறித்து
"வீட்டில் குதிரை வளர்க்கிறாயா?" என்றாள்.
"இரண்டு கால் குதிரை," என்றேன்,
"இன்னும் பழகவில்லை."

அந்த வாரம் ப்ரீவீபாஸ் தெருவில்
எந்தப் பாட்டோ தலைக்குள் ஓட
கால் தானாக ஒருமுறை தட்டிவிட்டது.
முப்பது பேர் ஒருசேரக் குலுங்கினார்கள்.
ஒருவர் தன் தொப்பியைத் தேடினார்.

பன்னிரண்டாம் நாள் ரூடிஸிடமிருந்து செய்தி.
ஈஸ்டருக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் ஒளிரும் எண்.
"அம்மா, வீட்டில் யார் இருக்கிறார்கள்?
யாரோ என் பெயரில்
தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்."

அந்தப் பெட்டி அவனுக்குக் கணக்கு அனுப்புமென்று
எனக்கெப்படித் தெரியும்?
ஐந்து வருடம் அவன் சேர்த்த நட்சத்திரங்களை
பதினோரு மாலைகளில் தின்று தீர்த்திருக்கிறேன்.
"நான்தான்" என்று எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு அழைப்பே வந்தது.
சிரிக்கிறானா இருமுகிறானா தெரியவில்லை,
காளான் கொட்டகை ஈரம் அப்படி.
"போனைத் தரையில் சாய்த்து வை.
உன் காலைக் காட்டு."
ஒரு பாட்டு முழுக்கப் பேசாமல் பார்த்தான்.

"ஒவ்வொரு அடிக்கும் நடுவுக்குத் திரும்பி வருகிறாய்.
அதில்தான் நேரம் போகிறது.
வராதே.
மிதித்த இடத்திலேயே கால் நிற்கட்டும்.
அடுத்த அம்புக்கு அங்கிருந்தே போ."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
பாட்டு தொடங்கிவிட்டது.

ஒரு கால் இடதில். ஒரு கால் மேலே.
உடம்பு ஒருக்களித்தது, விழவில்லை.
யாரும் நிற்காத நடுச்சதுரம்
விளக்கொளியில் சும்மா பளபளத்தது.
பர்ஃபெக்ட், என்றது திரை.
என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
இதுவும் ரூடிஸ் பெயருக்குக் கீழேதான் வந்தது,
பரவாயில்லை, எடுத்துக்கொண்டேன்.

குழாய் அதிர்ந்தது.
டங். டங். டங்.
"யாரம்மா அது?"
"ஸ்கைட்ரீட்டே.
இன்றைக்குத் தேவலை,
ஒரு அடி சரியாக விழுந்தது."